இணைப்பு அறுந்தால் உரிமை அறுவதில்லை

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இணைய இணைப்பு இன்று செல்வர் வீட்டு அலங்காரப் பொருளன்று. வெங்காயத்தின் சந்தை விலையை அறிவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், பிள்ளைகள் பாடங் கேட்பதும் அதன் வழியேதான். அவ்விணைப்பு வாரக்கணக்கில் செத்துக் கிடக்க, மாதப் பட்டியல் மட்டும் தவறாது வருகிறது. வேறு கம்பனிக்குப் போகிறோம் என்றால், "உடன்படிக்கைக் காலம் முடியவில்லை, எஞ்சிய பணத்தைக் கட்டுங்கள்" என்கிறார்கள். இது நியாயமா?

உடன்படிக்கை இரு தரப்பையும் கட்டுவது. நம் நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, ஒரு தரப்பு தன் கடமையை அடிப்படையிலேயே மீறுமாயின், மற்றத் தரப்பு உடன்படிக்கையை முறிக்கலாம். சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்படும் என்ற உத்தரவாதத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் நமக்கு அளித்திருக்கிறது. ஆயினும் ஒருநாள் தடங்கல் அடிப்படை மீறலாகாது. பலமுறை அறிவித்தும் திருத்தாமையே நம் வழக்கின் உயிர்.

ஆகவே, கோபத்தில் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள். முதலாவது, பழுது தொடங்கிய நாளையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்து வையுங்கள். இரண்டாவது, தவணை குறித்து, அதற்குள் பழுதைத் திருத்துமாறு எழுத்தில் அறிவித்தல் கொடுங்கள். மூன்றாவது, தவணை தவறினால் முறிப்பையும் எழுத்திலேயே அறிவித்து, அவர்களுடைய கருவியைத் திருப்பிக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். புதிய கம்பனியில் ஒப்பமிடுமுன் அதன் காலவரையறையையும் படியுங்கள்.

அவர்கள் இணங்காவிடின், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். முறைப்பாட்டை விசாரிக்க அதற்குச் சட்ட அதிகாரமுண்டு. பாவனையாளர் அதிகாரசபைக்கு எழுதுவதாயின் மூன்று மாதத் தவணையை மறவாதீர்கள். தமிழிலேயே எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தினால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆங்கிலம் தெரியாதென்று எவரும் ஒதுங்கவேண்டியதில்லை.

பிரித்தானியாவில் 2019 ஏப்பிரல் முதல், திட்டத்திற் சேர்ந்த கம்பனிகள் முற்றாக அறுந்த இணைப்பை இரண்டு வேலைநாள்களுக்குள் சீராக்காவிடின், கேளாமலே நட்டஈடு கொடுக்கின்றன. 2024 செப்டெம்பர் முதல், மாற விரும்புவோர் புதிய கம்பனிக்குச் சொன்னாற் போதும். பழைய இணைப்பை முடிக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அங்கு வாழும் நம் உறவினருக்குள்ள அவ்வுரிமை நமக்கும் வேண்டுமென்று கேட்போம்.

ஒருவர் எழுதினால் அது கந்தோரில் ஒரு கடதாசி. ஒரே பழுதினால் வருந்தும் ஊரார் அனைவரும் ஒரே நாளில் எழுதினால், பதில் சொல்லாமல் இருக்க எவராலும் இயலாது. இன்றே எழுதத் தொடங்குவோம்.