மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே



முன்வரிசையில் இருப்பவர் என் அப்பா. திருவள்ளூரில் சலூன் வைத்திருக்கிறார். இதே கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தை தொழில்: வியாபாரம்' என்று எழுதியவன் நான். நான்கு வருடமும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

2020 மார்ச் 25, ஊரடங்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என் வேலை நின்றது. அப்பா கடையும் மூடியது. வீட்டில் தம்பிக்கு 'ஃபேட்' வெட்ட உட்கார்ந்தேன். மிஷினில் மாட்டும் ஒன்றாம் நம்பர் சீப்பு 3 மி.மீ., இரண்டாம் நம்பர் 6. இஞ்சினியர் கணக்கு! காதுக்கு மேலே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு விழுந்தது. அழிக்கலாமென்று ஒன்றாம் நம்பரையே மேலே தள்ளினேன். கோடும் கூடவே ஏறியது.

பொறுத்துப் பார்த்த அப்பா, "மண்டையோடயே போகாதடா. கோடு கிட்ட வந்ததும் மணிக்கட்டை வெளியே திருப்பு. அதே ஒண்ணாம் நம்பர்தான், ஆனா லீவரைத் திற. மூணுக்கும் ஆறுக்கும் நடுவுல ஒரு அளவு வரும். நுனியால தொட்டுத் தொட்டு எடு" என்றார்.

முக்கால் மணி நேரம். விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை துண்டைப் போர்த்திக்கொண்டு அவரே வந்து உட்கார்ந்தார். (மீசைப் பக்கம் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு!)