மதச் சுதந்திரமும் வல்லரசின் தராசும்

(மில் வாயிற் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)

தோழர்களே!

ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகாமல் நின்று கேட்கிறீர்கள். வயலிலிருந்து நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகவே சொல்லுகிறேன்.

மதச் சுதந்திரம் என்றால் என்ன? அவரவர் நம்பியதை அவரவர் கும்பிடலாம், கும்பிடாமலும் இருக்கலாம். அதற்காக ஒருவனை அடிக்கக் கூடாது, சிறையில் தள்ளக் கூடாது, வேலையைப் பறிக்கக் கூடாது. நமது அரசியல் சட்டத்தின் 25வது பிரிவும் மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. நல்ல உரிமை இது. இதில் நமக்குத் தகராறு இல்லை.

ஆனால், "இந்த உரிமைக்கு உலகம் பூராவும் நானே காவல்காரன்" என்று ஒரு வல்லரசு கிளம்பினால், அதன் கையிலுள்ள தராசை நாம் பார்க்க வேண்டாமா?

1998ல் அமெரிக்காவில் சர்வதேச மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்டார். ராஜாங்க இலாகா ஆண்டுதோறும் நாடு நாடாக அறிக்கை தர வேண்டும். கொடுமை மிகுந்த நாடுகளைப் பட்டியலில் வைக்க வேண்டும். அவற்றின் மீது தடைகள் விதிக்கலாம். இது முன்வாசல். பின்வாசலும் அதே சட்டத்தில் உண்டு. அமெரிக்காவின் முக்கிய நலனுக்குத் தேவையென்றால் தடையைக் கைவிடலாம்!

அந்தப் பின்வாசல் வழியே யார் போனார்கள்?

சவூதி அரேபியா 2004ல் பட்டியலில் ஏறியது. நம்மூர்களிலிருந்து எத்தனையோ பேர் அங்கே டிரைவர் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போயிருக்கிறார்கள். அவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அங்கே அவர்கள் கும்பிட ஒரு கோயில் கிடையாது. மாதா கோயில் கிடையாது. 2023 டிசம்பர் பட்டியலிலும் சவூதியின் பெயர் இருந்தது. தடை வந்ததா? இல்லை. "முக்கிய நலன்" என்று விலக்குத் தந்தார்கள். 2017 மே மாதம் ஜனாதிபதி டிரம்ப் ரியாத் சென்று, சுமார் 11,000 கோடி டாலர் ஆயுத வியாபாரம் பேசினார். எண்ணெயும் பீரங்கியும் ஒரு தட்டில். நம் தொழிலாளியின் பிரார்த்தனை மறு தட்டில். எது கனத்தது?

வியத்நாமும் 2004ல் பட்டியலில் ஏறியது. 2006 நவம்பரில் இறக்கினார்கள். சில கைதிகள் விடுதலையானது உண்மை. ஆனால் அதே வாரத்தில் ஜனாதிபதி புஷ் ஹனாயில் போய் இறங்கினார். அடுத்த மாதமே நிரந்தர வர்த்தக உறவுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் சம்மதித்தது. 1963ல் சைகோனில் என்ன நடந்தது? பௌத்தர்களை ஒடுக்கிய தியெம் ஆட்சி அமெரிக்கப் பணத்திலும் ஆயுதத்திலும்தான் நின்றது. திக் குவாங் துக் என்ற துறவி நடுவீதியில் தீக்குளித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நமது நாட்டுக் கதை என்ன? குஜராத்தில் 2002ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2005ல் அமெரிக்கா இதே சட்டத்தைக் காட்டி, அன்றைய முதலமைச்சர் நரேந்திர மோடிக்கு விசா மறுத்தது. 2012ல் விசாரணைக் குழு அவர் மீது வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்றது. அப்போதும் கதவு திறக்கவில்லை. 2014ல் பிரதமரானார், செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் வரவேற்பு! திறந்தது நீதியின் சாவியா, பதவியின் சாவியா? 2020 முதல் 2024 வரை ஆண்டுதோறும் அவர்களுடைய கமிஷனே இந்தியாவைப் பட்டியலில் சேர்க்கச் சிபாரிசு செய்தது. ராஜாங்க இலாகா அந்த ஆண்டுகளில் சேர்க்கவில்லை.

தோழர்களே, இங்கே ஒரு எச்சரிக்கை. தராசு கள்ளத் தராசு என்பதால், அதில் வைத்த கண்ணீரும் பொய் என்று ஆகிவிடாது. "அமெரிக்கா சொல்லுகிறது, ஆகவே பொய்" என்று நம்மூர் அக்கிரமத்தை மூடி மறைப்பவனும் கள்ள வியாபாரிதான். அடிபட்டவன் அடிபட்டவனே, யார் சாட்சி சொன்னாலும் சரி.

அப்படியானால் காவல் யார்? உங்கள் பக்கத்துத் தறியில் நிற்பவர் எந்த மதமோ, உங்களோடு நாற்று நடும் சகோதரி எந்தச் சாமியைக் கும்பிடுகிறாளோ, அவர்கள் வாசலில் கலகக்காரன் வந்து நிற்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. வாஷிங்டன் வந்து சேராது. வந்தாலும் விலை கேட்கும். நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து நின்றால், அதுவே காவல்.