கலயத்தில் இட்ட சுண்ணாம்பு

மதுவைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்: நான் பேச வந்தது குடிப்பவர்களைப் பற்றி அல்ல. ஆக்குபவர்களைப் பற்றி, அதாவது பாத்திரத்தில் எதை இடுவது, எதை இடாமல் விடுவது என்று நிச்சயிக்கிற அவர்களுடைய மனோதர்மத்தைப் பற்றி.

வடக்கே பறவூருக்கு அருகில் பட்டணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் திருவனந்தபுரத்தில் அலுவலகம் கொண்ட கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் 2007 முதல் அங்கே நடத்திய அகழ்வாராய்ச்சியில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த ஆம்போரா என்னும் இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவ்விடந்தான் பழைய முசிறித் துறைமுகமா என்ற விவாதம் பண்டிதர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆயினும், யவனர் நல்ல சாடிகளில் கொண்டுவந்த மணமுள்ள மதுவை அருந்தி இனிது வாழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிற புறநானூற்றுப் பாட்டை வாசித்தவர்களுக்கு, அந்த ஓட்டுத் துண்டுகளைப் பார்க்கும்போது உள்ளம் சிலிர்க்காமல் இராது.

அந்த உடைசல்களில் கோஸ் தீவின் சாடிகளும் உண்டு. ஏஜியன் கடலிலுள்ள அந்தத் தீவின் மக்கள் தங்கள் திராட்சை மதுவில் வேண்டுமென்றே கடல்நீரைக் கலந்தார்கள். அது மதுவைக் கெடாமல் காக்கும் என்றும் சுவையைக் கூட்டும் என்றும் நம்பினார்கள்; ரோமாபுரியின் கேட்டோ அந்த முறையைத் தம் விவசாய நூலில் எழுதியும் வைத்தார். நெடுந்தூரம் போய் நெடுங்காலம் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு அவர்கள் இட்டது உப்பு.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டிக் களியக்காவிளை வழியாக விளவங்கோட்டுக்குள் போகிறவர்கள் பனைகளைப் பார்த்திருப்பீர்கள். பாளையின் நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்குவது வெறும் இனிப்பு நீர்தான். ஆனால், யாரும் அழைக்காமலே காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் குடியிருக்கிற ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதற்குள் புகுந்து, பனையேறி இறங்கி வருவதற்கு முன்பே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. காலையில் இனித்தது மாலையில் கடுக்கிறது, விட்டுவைத்தால் புளித்துக் காடியாகிறது. எதையும் சேர்க்காமல், இயற்கை ஈஸ்ட்டைக் கொண்டே புளிக்கவிட்ட திராட்சை மதுவுக்கு ஐரோப்பாவில் இன்று ஒரு தனி மதிப்பு. அதை ஒரு தத்துவமாகவே உபதேசிக்கிறார்கள். நம்மூர்க் கள்ளுக்காரர் அந்தத் தத்துவத்தின் எல்லையிலேயே நெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு உபந்நியாசம் செய்யத்தான் தெரியாது!

அதே பனையில் இன்னொரு தத்துவமும் ஏறி இறங்குகிறது. கலயத்தின் உட்புறத்தில் சிறிது சுண்ணாம்பைத் தடவிவிட்டால் ஈஸ்ட்டுக்கு அங்கே வேலை நடப்பதில்லை. நீர் புளிக்காமல் நிற்கிறது. அதைத் தமிழ்நாட்டார் பதநீர் என்பார்கள், கன்னியாகுமரிப் பக்கத்தில் அக்கானி என்பார்கள், காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு குறைந்தால் கள்ளின் வாடை தட்டிவிடும், மிகுந்தால் நாக்கு பொத்துவிடும். அளவுகோல் ஏதுமின்றி, விரலின் பழக்கத்தாலேயே அந்த அளவை அறிகிற பனையேறியின் சாமர்த்தியம், பிரான்ஸ் தேசத்து நிலவறைகளில் ருசி பார்ப்பவர்களின் சாமர்த்தியத்துக்கு எள்ளளவும் குறைந்ததன்று என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856இல் பிறந்த ஸ்ரீ நாராயண குரு வேறொரு முடிவுக்கு வந்தார். கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் நிறைந்த சமூகத்தில் தோன்றிய அந்த மகான், மது விஷமென்றும், அதை ஆக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் ஆகாதென்றும் கண்டிப்பாகச் சொன்னார். கள் சீவும் கத்தி ஒன்றை நாலாகத் துண்டித்தால் நாலு சவரக் கத்தி ஆகுமே, அந்தத் தொழில் இதைவிட மேலல்லவா என்று அவர் கேட்டதாகவும் சொல்லுவார்கள். உப்பும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம், கள்ளுக்காகக் கலயமே மரமேற வேண்டாம் என்பது அவர் பக்ஷம். குடியினால் சீரழிந்த குடும்பங்களைக் கண்ணாரக் கண்டவர் வாக்கை மறுக்க நான் யார்? ஆனாலும், மரமேறுகிறவர் அருகிப்போகும் இந்நாளில், அந்த விரலின் அறிவும் அவர்களோடு போகிறதே என்ற விசனம் எனக்கு உண்டு.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இங்கே பல வீடுகளில், கம்பத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் பரணியில் ஊறி மதுவாகும். உரிமமின்றி அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம் என்பதைப் பரணியின் சொந்தக்காரர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. உள்ளூர்ப் பழங்களிலிருந்து மது ஆக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் வழங்கக் கேரள அரசு 2022இல் விதிகள் வகுத்தது. கொல்லாம்பழம் மரத்தடியில் அழுகி வீணாவதைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்தில், கேரளத்தில், கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இதனோடு ஒரே ராஜ்யத்தில் இருந்த அந்தப் பக்கத்திலோ, தமிழ்நாட்டுச் சட்டப்படி 1987 முதல் கள் இறக்குவதே குற்றம். அங்கே சுண்ணாம்பிட்ட கலயத்துக்குத்தான் அனுமதி. வேனிற்காலத்தில் அவ்வழியே போக நேர்ந்தால், சாலையோரத்தில் அக்கானி விற்பவரிடம் ஒரு குவளை வாங்கிக் குடித்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள்.