நஷ்டம்னு தெரிஞ்சும் அப்பா ஏன் ஆர்டர் எடுத்தார்?

ஒரு வியாபாரி ஒரு பொருளை 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறார், லாபம் எவ்வளவு? பள்ளிக்கூடத்துல எல்லாரும் போட்ட கணக்குதான். கழிச்சா விடை வந்துரும். இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்குப் போன பிறகும், வியாபாரம்னா இவ்வளவுதான்னு நினைச்சிட்டு இருந்தேன்.

எங்க ஊர் திருப்பூர். அப்பா சின்னதா ஒரு பனியன் கம்பெனி நடத்தறார். 2025 ஆகஸ்ட் 27-ல, இந்தியப் பொருட்கள் மேல அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆச்சு. அதைக் கட்டறது அங்க இறக்குமதி பண்றவர். அவர் சும்மா இருப்பாரா? விலையைக் குறைங்கன்னு இங்க கேட்பார். அப்பாகிட்ட 10 சதவீதம் குறைக்கச் சொன்னாங்க. அப்பாவும் சரின்னுட்டார்.

"நஷ்டம்னு தெரிஞ்சும் எதுக்குங்ப்பா எடுக்கறீங்க?" கோபமாவே கேட்டுட்டேன்.

"லைன் நின்னா டெய்லருக ஊருக்குப் போயிருவாங்க கண்ணு. போனவங்க திரும்பி வருவாங்களா?"

அப்பாவுக்குக் கணக்கு தெரியலைன்னு நினைச்சேன். ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தப்பதான், தெரியாதது எனக்குன்னு புரிஞ்சது. அப்பாவோட நிஜ எண்களைச் சொல்ல முடியாது. அதே மாதிரி ஒரு கணக்கைப் போடுவோம்.

ஆர்டர் 10,000 டி-ஷர்ட். பீஸ் விலை 180 ரூபாய். ஒரு பீஸுக்கு 200 கிராம் நூல். கிலோ 400 ரூபாய்னா, நூலுக்கு 80. நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 75. ஆக ஒரு பீஸுக்கு 155. இது போக ஷெட் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் கடன் வட்டின்னு 1 லட்சம். ஒரு பீஸ்கூட தைக்கலைன்னாலும் இது போயே தீரும்.

வரவு 18 லட்சம். செலவு 15.5 லட்சமும் 1 லட்சமும், மொத்தம் 16.5 லட்சம். லாபம் 1.5 லட்சம்.

இப்ப 10 சதவீதம் குறைச்சா பீஸ் விலை 162. வரவு 16.2 லட்சம். 30,000 ரூபாய் நஷ்டம். நான் கோபப்பட்டு நின்னது இந்த இடத்துலதான்.

சரி, ஆர்டரே வேண்டாம்னு விட்டா? வரவு பூஜ்ஜியம். ஆனா அந்த 1 லட்சம் போகும். அதாவது எடுத்தா 30,000 நஷ்டம், எடுக்கலைன்னா 1 லட்சம் நஷ்டம். நான் 30,000-ஐ பூஜ்ஜியத்தோட ஒப்பிட்டேன். அப்பா 1 லட்சத்தோட ஒப்பிட்டார்.

விலையை எக்ஸ்னு வச்சு எழுதினா இன்னும் தெளிவா இருக்கும்:

லாபம் = 10,000 × (எக்ஸ் − 155) − 1,00,000

லாபம் பூஜ்ஜியமாகணும்னா எக்ஸ் 165. ஆர்டரை எடுத்தாலும் விட்டாலும் ஒண்ணுதான்னா எக்ஸ் 155. பேரம் பேச போனை எடுக்கும் முன்னாடி இந்த ரெண்டு எண்ணும் கையில இருக்கணும். 165-க்கு மேல லாபம். 155-க்குக் கீழ, தைக்கிற ஒவ்வொரு பீஸும் கையைக் கடிக்கும். நடுவுல இருக்கிறது தாக்குப்பிடிக்கிற விலை. 162 அங்கதான் இருக்கு.

தாக்குப்பிடிக்கிறதுன்னா கொஞ்ச நாளைக்குத்தான். வருஷம் பூரா அந்த நடு விலையிலயே ஓட்டினா கம்பெனி மூழ்கிடும். அதே லைனுக்கு 180 ரூபாய் ஆர்டர் வேற ஒண்ணு வந்தா, 162-ஐ எடுக்கறது தப்பு.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. பள்ளிக்கூடக் கணக்குல வாங்கின விலை முதல்லயே தெரியும். திருப்பூர்ல விற்கிற விலையை முதல்ல பேசிடறோம், நூல் அப்புறம்தான் வாங்கறோம். 2022 மே மாசம் நூல் விலை கிலோவுக்கு 40 ரூபாய் ஏறி, இங்க ரெண்டு நாள் வேலைநிறுத்தமே நடந்துச்சு. நம்ம கணக்குல 40 ரூபாய் ஏறினா பீஸுக்கு 8 ரூபாய் கூடும். அப்ப 155 இருந்த இடத்துல 163. இப்ப 162-க்குத் தைச்சா 1,10,000 நஷ்டம். சும்மா இருந்திருந்தா 1 லட்சத்தோட போயிருக்கும்!

அடுத்த நாள் இதை அப்பாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் சிரிச்சார். ஆர்டருக்குச் சரின்னு சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே நூலுக்குப் பேசி முடிச்சிருக்கார்.