தொலைபேசியும் சட்ட உதவியும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



எமது பாடசாலை தொடங்கிய காலத்தில் ஒரு பெண் பிள்ளை தன் பெயரை எழுதுவதே பெரிய காரியம். இன்று காரைதீவிலும் மாளிகைக்காட்டிலும் சாய்ந்தமருதிலும் தொலைபேசி இல்லாத வீடு அரிது. ஆனால் வீட்டில் அடிபட்டால் யாரிடம் சட்ட உதவி கேட்பது என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

வைத்தியர்களாகிய நாம் இதை அடிக்கடி காண்கிறோம். காயத்தோடு வருவோர் பலர் "விழுந்துவிட்டேன்" என்றே சொல்வர். வீட்டாரிடம் அதிகம் விளக்கம் சொல்லாமல் ஒரு பெண் போகக்கூடிய இடம் ஆஸ்பத்திரி. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' இயங்குகிறது. அங்கே உண்மையைச் சொன்னால் அது பதிவாகும். காயம் ஆறிய பின் வந்தால் பதிவதற்குக் குறைவாகவே இருக்கும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இன, மத வேறுபாடின்றி எல்லோருக்கும் உரியது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்ணின் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். கட்டளை 12 மாதம் வரை நீடிக்கலாம். வசதியற்றோருக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அரசின் பெண்கள் உதவி இலக்கம் 1938.

காதி நீதிமன்றத்தில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி சட்டத்தரணி ஆஜராக முடியாது. அங்கே தனியே பேச வேண்டிய சகோதரிக்கு, போகுமுன் தொலைபேசியில் கிடைக்கும் ஆலோசனை பெருந்துணை.

நம் கரையில் வீடு பெண்ணுக்கே சீதனமாகச் செல்வது வழக்கம். 2004 சுனாமியின் பின் கட்டிய வீடுகள் பல 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் எழுதப்பட்டன. அன்று கேட்க ஆளிருந்திருந்தால் சிலராவது கேட்டிருப்பர்.

தொலைபேசியில் ஆபத்தும் உண்டு. பல வீடுகளில் அது கணவரின் கையில். பேசிய இலக்கமும் அனுப்பிய செய்தியும் அதிலேயே இருக்கும். ஆகவே வேறொருவரின் தொலைபேசியில் பேசுவது நல்லது. காயத்தின் படம், திருமணச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகளை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம்.

இந்தியாவில் 2017இல் தொடங்கிய 'டெலி-லோ' திட்டம் கிராமத்துப் பொதுச் சேவை நிலையத்திலிருந்தே சட்டத்தரணியுடன் பேச வழி செய்தது. நாமும் சிறிதாகத் தொடங்கலாம்: ஓர் அறை, ஒரு தொலைபேசி, இரகசியம் காக்கும் ஒரு சகோதரி. எம்மிடையே உள்ள சட்டத்தரணிகள் வாரத்தில் ஒரு மாலை தரட்டும். வெளிநாட்டில் வாழ்வோர் தொலைபேசிச் செலவையும், நீதிமன்றம் போகும் பெண்ணின் பஸ் காசையும் ஏற்கட்டும். முன்வருவோர் இன்றே சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.