குறிப்பறியா மொழி



சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்துரைக்கிறது. கவிதை பெரிதும் குறிப்பால் வாழ்வது. சொல்லாமல் விட்டதைக் கேட்போர் உள்ளம் நிரப்பிக் கொள்கிறது. குறிப்புக்குச் சிறிதும் இடந்தராத மொழி ஒன்றும் இக்காலத்தில் வளர்ந்துள்ளது. ஆய்வுக்கூடத்து இயந்திரக் கைகளை இயக்குவதற்காகக் கணிப்பொறியில் எழுதப்படும் நிரல்மொழியே அது.

"கரைசலை எடுத்துக் குழாயில் விட்டுக் கலக்குக" என்று ஆசிரியர் கூறினால் மாணவர் செய்து முடிப்பார். இயந்திரத்திற்கு இது போதாது. எத்தனை மைக்ரோலிட்டர், எந்தக் குழாய், உறிஞ்சுமுனை எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எத்தனை நொடி கலக்க வேண்டும் என்பன யாவும் எழுதப்பட வேண்டும். குழாய் வெறுமையாக இருப்பின் அதனை உணரும் அமைப்பும் அதற்குரிய ஆணையும் இல்லாதபோது, இயந்திரம் காற்றை உறிஞ்சிக் காற்றையே ஊற்றும்; பணி முடிந்ததென்றும் பதிவு செய்யும். அதற்கு ஐயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ராஸ் கிங் குழுவினர் உருவாக்கிய 'ஆடம்' என்னும் இயந்திர ஆய்வாளர் இத்துறையின் சிறந்த சான்று. ஈஸ்ட் நுண்ணுயிரியில் சில நொதிகளின் செயல் அறியப்பட்டிருந்தும், அவற்றை ஆக்கும் மரபணுக்கள் எவை என்பது விளங்காதிருந்தது. ஆடம் தானே 20 கருதுகோள்களை அமைத்தது, குறித்த மரபணு நீக்கப்பட்ட ஈஸ்ட் வகைகளைத் தேர்ந்து வளர்த்தது, வளர்ச்சியை அளந்தது. முடிவுகள் 2009இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. ஏறத்தாழ 66 இலட்சம் அளவீடுகள், ஒவ்வொன்றும் எதன்பொருட்டு எடுக்கப்பட்டது என்னும் விளக்கத்தோடு அளவையியல் மொழியில் பதிவாயின. அம்மொழியின் சிறப்பு அதுவே: ஆய்வாளரின் கைப்பழக்கத்துள் மறைந்து கிடந்ததும் எழுத்தாகிவிடுகிறது, பிறர் அதனைத் தொடர்ந்து சென்று சரிபார்க்க இயலுகிறது.

ஆயினும் அக்குழுவினர் அவ்வளவில் நிற்கவில்லை. ஆடம் கண்ட முடிவுகளை மனிதக் கைகளால் மீண்டும் சோதித்து உறுதி செய்தனர். இது கருதத்தக்கது. நிரல் கையின் உழைப்பை ஏற்றுக்கொள்ளும். சொல்லின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளாது. அப்பொறுப்பு எழுதியவரையே சாரும்.

நிரல் எழுதுவோர் தம்மை அறியாமல் விடுபட்டதற்குப் பொறுப்பேற்கின்றனர். கவிஞரோ தாம் அறிந்தே சொல்லாமல் விட்டதற்கும் பொறுப்பேற்க வேண்டியவர். குறிப்பு என்ற பெயரால் வெறுங்குழாயிலிருந்து ஊற்றப்படும் கவிதைகளும் உண்டு. அவற்றுள் கேட்போர் நிரப்பிக்கொள்ள இடமுண்டு; பற்றிக்கொள்ளத்தான் பொருளில்லை. அந்த வெறுமையைக் கண்டு சொல்ல மற்றொரு மனிதக் கண் வேண்டும். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டு, ஐயுற்று, வினவி வந்திருப்பதும் அத்தகைய மறுசோதனையே. அது தொடர்க.