ராஜகிரியில இறங்குற வேகம்: பின்னம் இருக்கிற அசமன்பாடு

செஞ்சியில பிளஸ் ஒன் படிக்கிற ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, சமன்பாட்டுல பின்னம் வந்தா குறுக்கப் பெருக்குறோம். அசமன்பாட்டுல அதையே செஞ்சா மார்க் போயிடுது. ஏன்னு கேட்டா ரூல் அப்படித்தான்றாங்க. எனக்குக் காரணம் வேணும்." நியாயமான கேள்வி. இந்த எபிசோடு அதுக்குத்தான்.

கேட்டது செஞ்சிக்காரங்க, அதனால கணக்கையும் கோட்டையிலயே வெச்சுக்கலாம். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் காலக் கோட்டைகள் 12 சேர்ந்துச்சே, அதுல தமிழ்நாட்டுல இருக்கிற ஒரே கோட்டை இது. மூணு மலையில உசரமானது ராஜகிரி, சுமார் 800 அடி.

ராஜகிரி ஏறும்போது உங்க வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர்னு வைங்க. இறங்குற வேகம் தெரியாது, அதை 'வே'ன்னு வைப்போம். ஏறி இறங்குனதோட சராசரி வேகம் 3-க்குக் குறையக் கூடாது. அப்போ வே எவ்வளவு இருக்கணும்?

4-ன்னு டக்குனு சொல்லத் தோணும். 2-யும் 4-யும் கூட்டிப் பாதியாக்குனா 3 தானே? ஆனா மெதுவா ஏறுறதுலதான் அதிக நேரம் போகுது. பாதை 1 கிலோமீட்டர்னா ஏற அரை மணி நேரம், இறங்க 1/வே மணி நேரம். மொத்தம் 2 கிலோமீட்டரை மொத்த நேரத்தால வகுத்தா இப்படி வரும்:

4வே / (வே + 2) ≥ 3

குறுக்கப் பெருக்குங்க. 4வே ≥ 3வே + 6. அதாவது வே ≥ 6. அந்தப் படிக்கட்டுல 6 கிலோமீட்டர் வேகத்துல இறங்குறது அங்க இருக்கிற குரங்குங்களுக்குத்தான் சரிவரும், ஆனா விடை சரி.

சரியா வந்ததுக்குக் காரணம் மலை. வேகம் மைனஸ்ல போகாது, அதனால வே + 2 எப்பவும் பிளஸ். மலையைத் தூக்கிட்டு, வே ஏதோ ஒரு எண்ணுன்னு மட்டும் கேள்வி வந்தா? வே = -3 போட்டுப் பாருங்க. மேல -12, கீழ -1, விடை 12. அது 3-ஐ விடப் பெருசு! நிபந்தனை பொருந்துது, ஆனா நம்ம விடையில -3 இல்லை.

3 < 5 தானே? ரெண்டு பக்கமும் -1-ஆல பெருக்கினா -3 > -5. குறி திரும்பிடுது. பகுதியில தெரியாத எண் இருக்கும்போது அது பிளஸா மைனஸான்னே நமக்குத் தெரியாது. தெரியாமலே பெருக்கினா, பிளஸ்னு சத்தமில்லாம முடிவு பண்ணிட்டோம்னு அர்த்தம். தங்கச்சி, மார்க் போறது அங்கதான்.

அதனால பெருக்காதீங்க, எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டு வாங்க. 3-ஐக் கழிச்சா:

(வே - 6) / (வே + 2) ≥ 0

இப்போ குறியை மட்டும் பார்த்தா போதும். 6-க்கு மேல ரெண்டுமே பிளஸ். -2-க்குக் கீழ ரெண்டுமே மைனஸ், வகுத்தா பிளஸ். நடுவுல ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ், அது ஆகாது. 6-ல தொகுதி பூஜ்யம், அதனால 6 உண்டு. -2-ல பகுதி பூஜ்யம், அதனால -2 கிடையாது. ஆக, வே ≥ 6 அல்லது வே < -2. பெருக்கியே ஆகணும்னு அடம் பிடிக்கிறவங்க (வே + 2)-ஓட வர்க்கத்தால பெருக்கலாம். வர்க்கம் மைனஸ் ஆகாதே. அப்பவும் -2-ஐ மறக்காம விலக்கிடணும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம், சராசரி 4 வேணும்னு கேக்குறது. ஒரே பக்கம் கொண்டு வந்தா -8 / (வே + 2) ≥ 0. வே < -2 மட்டும்தான் விடை. மலையில அப்படி ஒரு வேகமே கிடையாது! யோசிச்சா புரியும்: சராசரி 4-ன்னா 2 கிலோமீட்டரை அரை மணி நேரத்துல முடிக்கணும். அந்த அரை மணி ஏறும்போதே தீர்ந்துடுச்சு. ரோப் கார் போட்டாலும் நடக்காது.

கோடு எழுதுறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரெண்டு பின்னத்துல எது பெருசுன்னு பார்க்க, தசமத்துக்குப் போகாம குறுக்கப் பெருக்கி ஒப்பிடுறது நம்ம பழக்கம். ஒரு பகுதி மட்டும் மைனஸா வந்துட்டா வரிசை தலைகீழாயிடும், எரர் மெசேஜ் கூட வராது. பைத்தானோட ஃபிராக்‌ஷன்ல மைனஸ் இருந்தா அதைத் தொகுதிக்கு ஏத்திட்டு, பகுதியை எப்பவும் பிளஸாவே வெச்சிருப்பாங்க. நீங்க சொந்தமா எழுதினா அந்த ஒரு வரியைச் சேர்த்துடுங்க.